இரைப்பையில் இரு நோய்: ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்தலாமா?

(மகாவீர் ஜெயந்தி விழாவையொட்டித் தேனியில் நடைபெற்ற குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னை அழைத்தபோது வழக்கம்போல் இலக்கியம் பேசுவேன் என்றே எண்ணியிருப்பார்கள். நான் வேறொரு பொருளைக் கேட்டுப் பெற்றேன். வயிற்றில் தோன்றும் புற்றுநோயைப் பற்றியும், அதிலும் அரிதாக ஒரே இரைப்பையில் இருவேறு புற்றுநோய்கள் சேர்ந்து தோன்றுவதைப் பற்றியும் பேசலாம் என்றேன். "மங்கல நாளில் இந்தப் பேச்சு வேண்டுமா ஐயா?" என்று ஒருவர் தயங்கினார். நோயின் பெயரைச் சொல்லத் தயங்குவதுதான் நம் வீடுகளில் அந்நோய் முற்றிய பின்னரே தெரியவருவதற்கு முதற் காரணம் என்று விடை சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார். நான் மருத்துவன் அல்லன். தமிழ் படித்தவன். படித்தறிந்த செய்திகளை நம் வீட்டு மொழியில் எடுத்துச் சொல்வது மட்டுமே என் பணி. உங்கள் உடலைப் பற்றிய முடிவை உங்கள் மருத்துவரோடு அமர்ந்துதான் எடுக்க வேண்டும்.

முதலில் இரைப்பையின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். பார்வைக்கு அது ஒரு தோற்பை போன்றதுதான். ஆனால் அதன் சுவர் ஒற்றைச் சுவர் அன்று. உணவு படும் உட்புறத்தில் மெல்லிய சளிப்படலம் இருக்கிறது. செரிமான நீரைச் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் அதில்தான் நிறைந்துள்ளன. அதற்கடியில் இரத்த நாளங்கள் ஓடும் ஓர் அடுக்கு. அதற்கும் அப்பால் உணவைக் கடைந்து பிசையும் தசையடுக்கு. எல்லாவற்றையும் போர்த்தி வெளிப்புறத்தில் ஒரு மெல்லிய உறை. இந்த அடுக்குகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அடுக்கில் நோய் பிறக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பெயரும் குணமும் மருந்தும் மாறுகின்றன.

உட்படலத்துச் சுரப்பிகளில் பிறப்பது அடினோகார்சினோமா. இரைப்பைப் புற்றுநோய் என்று பொதுவாகச் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் இதுவே. அடுத்தது லிம்போமா. நோய்க்கிருமிகளை எதிர்க்க உடல் அனுப்பும் வெள்ளணுக்களில் ஒரு வகை நெறி பிறழ்ந்து பெருகுவதால் வருவது. மூன்றாவது ஜிஸ்ட் எனப்படுவது. உணவுப்பாதையின் அசைவுக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் ஒருவகை உயிரணுக்கள் தசையடுக்கில் உள்ளன. ஸ்பெயின் நாட்டு அறிஞர் கஹாலின் பெயரால் அவற்றை வழங்குகிறார்கள். ஜிஸ்ட் அந்த இனத்து அணுக்களோடு தொடர்புடையது. உள்ளிருந்து பார்த்தால் மேலே படலம் வழுவழுப்பாகவே இருக்கும். கட்டி அதற்கடியில் புடைத்திருக்கும். நான்காவதாக, ஹார்மோன் சுரக்கும் அணுக்களில் தோன்றும் நியூரோ எண்டோக்ரைன் கட்டிகள் உண்டு.

இவற்றுள் ஏதேனும் இரண்டு ஒருவருடைய இரைப்பையில் ஒரே காலத்தில் இருக்கக்கூடும். அதுவே இன்றைய பொருள். உலகின் பல நாட்டு மருத்துவ இதழ்களில் இத்தகைய நோயாளர்களைப் பற்றிய குறிப்புகள் ஒன்றிரண்டாக வெளிவந்துகொண்டே இருக்கின்றன. அடினோகார்சினோமாவும் ஜிஸ்டும் சேர்ந்து வருவது ஒரு வகை. அடினோகார்சினோமாவும் லிம்போமாவும் சேர்வது மற்றொரு வகை. சில வேளைகளில் இரண்டும் இரைப்பையின் வெவ்வேறு மூலைகளில் தனித்தனியே நிற்கும். சில வேளைகளில் தனித்தனியே பிறந்து வளர்ந்து ஒன்றையொன்று முட்டி நிற்கும். மிக அரிதாக இரண்டும் பின்னிப் பிணைந்து ஒரே கட்டிபோல் தோன்றும். நம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்று நீரும் சுருளியாற்று நீரும் கலந்து ஓடுகின்றன அல்லவா? கலந்த பிறகு ஒரு குடம் மொண்டு, இதில் எது எந்த ஆற்று நீர் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலுமா? அத்தகைய நிலைதான் அது.

"இரண்டு கட்டிகள் இருந்தால் ஒன்று மற்றொன்றிலிருந்து பரவியதாகத்தானே இருக்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பல நேரங்களில் உண்மையும் அதுவே. ஆகவேதான் 1932ஆம் ஆண்டிலேயே வாரன், கேட்ஸ் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு மூன்று விதிகளை வகுத்தார்கள். இரண்டும் புற்று என்பது திசுவில் உறுதியாக வேண்டும். இரண்டும் தனித்தனியானவை என்பது தெளிவாக வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்று பரவியிருக்கலாம் என்னும் ஐயம் முற்றிலும் நீங்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகியும் அவ்விதிகளின் சாரம் மாறவில்லை.

இவ்வாறு இரு நோய் சேர்ந்து வருவதற்குக் காரணம் உண்டா? சிலவற்றில் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராபின் வாரன், பேரி மார்ஷல் ஆகிய இருவரும் 1980களின் தொடக்கத்தில் இரைப்பையில் வாழும் ஒரு சுருள் வடிவக் கிருமியைக் கண்டறிந்தார்கள். அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. அமிலம் சுரக்கும் வயிற்றில் கிருமி வாழாது என்பதே அதுவரை மருத்துவ உலகின் நம்பிக்கை. எவரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அக்கிருமியை வளர்த்த நீரைத் தாமே குடித்து, தமக்கு இரைப்பை அழற்சி உண்டானதைக் காட்டினார். 2005ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1994இலேயே உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இக்கிருமியைப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளுள் ஒன்றாக அறிவித்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் இக்கிருமி தங்கும் இரைப்பையில் சுரப்பிகளும் கெடலாம்; அதை எதிர்க்க வந்து குவியும் வெள்ளணுக்களும் நெறி பிறழலாம். அடினோகார்சினோமாவும் ஒருவகை லிம்போமாவும் ஒரே இடத்தில் தோன்றக்கூடும் என்பதன் காரணம் இப்போது விளங்கும்.

ஜிஸ்ட் சேர்ந்து வருவதற்கு இத்தகைய பொதுக் காரணம் எதுவும் உறுதிப்படவில்லை. ஆனால் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஜப்பானில் இரைப்பைப் புற்றுக்காக அறுவை செய்து எடுக்கப்பட்ட 100 இரைப்பைகளை முழுமையாக நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றுள் 35 இரைப்பைகளில் கண்ணுக்குப் புலப்படாத அளவில் ஜிஸ்ட் துணுக்குகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வாழ்நாள் முழுதும் தீங்கின்றிக் கிடப்பவை. இரண்டு கட்டிகளும் நோயாக வளர்ந்து நிற்பதுதான் அரிது. அரிதென்பதால் இல்லவே இல்லை என்று ஆகிவிடாது.

அரிதான ஒன்றை நாம் ஏன் அறிந்துகொள்ள வேண்டும்? ஒரு நிலையைக் கற்பனை செய்து பார்ப்போம். சின்னமனூர்ப் பக்கம் வாழை பயிரிடும் அறுபது வயதுப் பெரியவர் ஒருவருக்குச் சில மாதங்களாக மேல்வயிற்றில் எரிச்சல். நான்கு வாய் உண்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. உடல் மெலிகிறது. எண்டோஸ்கோப்பி செய்கிறார்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஒரு புண். திசு எடுத்துப் பார்த்ததில் அடினோகார்சினோமா என்று முடிவு வருகிறது. பிறகு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். இரைப்பையின் மேற்பகுதியில் சுவரை ஒட்டி வெளிப்புறமாக இன்னொரு கட்டி தெரிகிறது.

இவ்விடத்தில் இரண்டு வழிகள் பிரிகின்றன. "புற்று பரவிவிட்டது" என்று அந்த இரண்டாவது கட்டிக்கு ஒருவர் பொருள் கொண்டால், பெரியவர் முற்றிய நிலையில் இருப்பவராகக் கணக்கிடப்படுவார். குணப்படுத்தும் அறுவை அவருக்கு இல்லை என்று ஆகலாம். வலி தணிக்கும் மருத்துவமே போதும் என்று வீட்டார் மனத்தைத் தேற்றிக்கொண்டு அழைத்துச் சென்றுவிடலாம். மாறாக, "இதையும் தனியே ஆராய்ந்து பார்ப்போம்" என்று ஒருவர் சொல்லி, இரண்டாவது கட்டியிலிருந்தும் ஊசி வழியே திசு எடுத்துப் பார்த்து, அது பரவலன்று, தனியாகப் பிறந்த ஜிஸ்ட் என்று தெரிந்தால் நிலைமையே வேறு. முதற் புற்று இன்னும் இரைப்பைக்குள்தான் இருக்கிறது. இரண்டையும் ஒரே அறுவையில் நீக்கலாம். பிழைக்க வைக்கும் நோக்கோடு மருத்துவம் தொடங்கலாம். ஒரே மனிதர், ஒரே உடல், அதே இரண்டு கட்டிகள். ஒரு சோதனை செய்யப்பட்டதா இல்லையா என்பதில் அவருடைய எஞ்சிய வாழ்நாள் அடங்கியிருக்கிறது.

மருந்தும் அப்படியே. அடினோகார்சினோமாவுக்கு அறுவையோடு வேதிமருந்துகள் தருகிறார்கள். ஜிஸ்டுக்கு அவ்வகை மருந்துகளால் பயனில்லை. ஜிஸ்டில் கிட் என்னும் மரபணு பிறழ்ந்திருப்பதை 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன்பின் இமாட்டினிப் என்னும் மாத்திரை 2002 முதல் அந்நோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அறுவைக்கு அடங்காத ஜிஸ்டோடும் ஆண்டுக்கணக்கில் வாழ்வதற்கு அம்மாத்திரை வழி செய்தது. இன்னும் வியப்பு, மால்ட் எனப்படும் மெல்ல வளரும் லிம்போமா. கிருமியை ஒழிக்கும் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தந்ததும் ஆறு நோயாளர்களில் ஐவருக்கு அக்கட்டி மறைந்தது என்று 1993இல் இலண்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்றும் பலருக்கு அதுவே முதல் மருத்துவம். ஆகவே இரைப்பையில் இரண்டு நோய் இருக்க ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், ஒன்று அடங்கும்போதே மற்றொன்று வளர்ந்துகொண்டிருக்கும். "மருந்து கேட்கவில்லை" என்று வீட்டார் கலங்குவார்கள். கேட்காமற் போனது மருந்தின் குறையன்று.

இனி, இதைக் கண்டறிவதில் உள்ள இடர்களைப் பார்ப்போம். எண்டோஸ்கோப்பி என்பது வாய் வழியே வளையும் குழாயை இறக்கி இரைப்பையின் உட்புறத்தை ஒளியிட்டுப் பார்ப்பது. மடிப்பும் நுரையும் சளியும் உணவுத் துணுக்கும் மறைக்கும் இடம் அது. நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014இல் வெளியான ஒரு கணக்கின்படி, உணவுக்குழாய், இரைப்பைப் பகுதிகளில் புற்று உறுதியானவர்களுள் 100க்கு ஏறத்தாழ 11 பேருக்கு அதற்கு முந்தைய மூன்றாண்டுகளுக்குள் செய்த எண்டோஸ்கோப்பியில் அது தென்படாமற் போயிருந்தது. சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வு மற்றொன்றைக் காட்டியது. சராசரியாக ஏழு நிமிடத்திற்குமேல் பொறுமையாகப் பார்த்த மருத்துவர்கள், விரைவாக முடித்தவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு மிகுதியாக ஐயத்திற்குரிய மாற்றங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒரு புண்ணைக் கண்டவுடன் கண்ணும் கையும் அங்கேயே நின்றுவிடுவது மனித இயல்பு. தேர்வுத்தாளில் ஒரு பிழையைச் சுழித்த வேகத்தில் அடுத்த வரிப் பிழையைத் தாண்டிச் செல்லும் ஆசிரியர்களை நாம் அறிவோம். நல்ல மருத்துவர்கள் இவ்வியல்பை அறிந்தே, ஒன்றைக் கண்டபின்னும் இரைப்பை முழுதையும் வரிசையாகப் பார்த்து முடிப்பார்கள்.

அடுத்தது திசு எடுத்தல். பயாப்சி என்றால் பலர் நடுங்குகிறார்கள். "கத்தி பட்டால் புற்று பரவும்" என்னும் பேச்சு நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. எண்டோஸ்கோப்பியின் வழியே எடுப்பது நெல்மணி அளவுகூட இல்லாத சிறு துணுக்கு. அதற்கு அஞ்சி மறுத்தால் நோயின் பெயரே தெரியாமற் போகும். அதிலும் ஒரு துணுக்கு போதாது. இரைப்பைப் புற்றுப் புண்ணில் ஒரே ஒரு துணுக்கை எடுத்தால் 100க்கு 70 பேரிடமே நோய் உறுதியாகிறது. ஏழு துணுக்குகள் எடுத்தால் 98 பேருக்குமேல் உறுதியாகிறது என்று 1982ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். "எதற்கு இத்தனை இடத்தில் கிள்ளினார்கள்?" என்று இனி மருத்துவரிடம் சினம் கொள்ளாதீர்கள்.

ஜிஸ்ட் விஷயத்தில் இதுவும் போதாது. அது படலத்துக்கு அடியில் இருப்பதால் மேலே கிள்ளிய துணுக்கில் நல்ல தோலே வரும். "புற்று இல்லை" என்று எழுதிய அறிக்கை கையில் இருக்கும். கட்டியோ உள்ளேயே இருக்கும். அதற்கு எண்டோஸ்கோப்பியின் முனையிலேயே அல்ட்ராசவுண்டு கருவி பொருத்திய சோதனை இருக்கிறது. சுவரின் எந்த அடுக்கில் கட்டி இருக்கிறது என்று அது காட்டும். அதன் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்தித் திசுவும் எடுக்கலாம்.

எடுத்த திசுவைப் படித்துச் சொல்பவர் நோயியல் மருத்துவர். நோயாளர் அவர் முகத்தைக் கூடப் பார்ப்பதில்லை. ஆனால் புற்றுநோயின் பெயரை எழுதும் கை அவருடையதே. நுண்ணோக்கியில் ஒரே மாதிரித் தோன்றும் அணுக்களை வேறுபடுத்த அவர் சிறப்புச் சாயச் சோதனைகள் செய்வார். இம்யூனோ சோதனை என்று ஆய்வகங்களில் சொல்வார்கள். சி.டி.117, டாக்1 ஆகியவை ஏற்றால் ஜிஸ்ட் என்றும், சி.டி.20 ஏற்றால் ஒருவகை லிம்போமா என்றும் துப்புக் கிடைக்கும். கூடுதல் கட்டணமும் சில நாட்களும் ஆகும். ஐயம் இருக்கும் இடத்தில் இச்சோதனையைத் தவிர்ப்பது சிக்கனம் ஆகாது.

இங்கே குடும்பத்தார் செய்ய வேண்டியவையும் உண்டு. பல இடங்களில் திசுப் புட்டியை ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்பவர் நோயாளரின் மகனோ மருமகனோதான். புட்டியில் இருக்கும் ஃபார்மலின் திரவத்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. மறுநாள் கொடுக்கலாம் என்று வீட்டில் வைக்கக் கூடாது. இரண்டு இடங்களில் எடுத்த திசு என்றால் தனித்தனிப் புட்டிகளில், எந்த இடத்துத் திசு என்று எழுதி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே புட்டியில் கலந்துவிட்டால், எந்தக் கட்டியில் எந்த நோய் என்பதை எத்தனை வல்லவராலும் பிரித்துச் சொல்ல முடியாமற் போகலாம். இன்னொன்று. திசுவை மெழுகில் பதித்துக் கட்டையாக்கி, அதைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டித்தான் பார்க்கிறார்கள். பிளாக், ஸ்லைடு என்று அவற்றைச் சொல்வார்கள். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கச் செல்லும்போது அறிக்கைத் தாளை மட்டும் கொண்டு போகாமல், எழுத்து வழியே விண்ணப்பித்து இவ்விரண்டையும் பெற்றுக்கொண்டு போங்கள். அங்குள்ளவர் மீண்டும் பார்க்கலாம். விடுபட்ட சாயச் சோதனையையும் செய்யலாம். நோயாளரை மறுபடி வருத்த வேண்டியதில்லை.

இப்போது நம் பள்ளத்தாக்கிற்கு வருவோம். விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போய் அந்தியில் திரும்பும் தொழிலாளர் எத்தனை ஆயிரம்! கடையில் அமர்ந்து மூன்று மணிக்குப் பகலுணவு கொள்ளும் வணிகர் எத்தனை பேர்! வயிறு எரிந்தால் எல்லாருக்கும் ஒரே விடைதான்: "நேரத்துக்குச் சாப்பிடவில்லை, அல்சர், கேஸ்." மருந்துக்கடையில் அமிலம் குறைக்கும் மாத்திரை கிடைக்கிறது. இரண்டு நாளில் எரிச்சல் தணிகிறது. பெரும்பாலோருக்கு உண்மையில் அது வெறும் எரிச்சல்தான். ஆனால் இம்மாத்திரைகள் புற்றுப் புண்ணின் மேற்பரப்பைக்கூடச் சில காலம் ஆற்றிக் காட்டும். கிருமிச் சோதனையையும் பொய்யாக்கும். அதனால்தான் அச்சோதனைக்கு இரண்டு வாரம் முன்னரே அவற்றை நிறுத்தச் சொல்கிறார்கள். எனவே எண்டோஸ்கோப்பிக்குப் போகும்போது என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்பதை மறைக்காமற் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய மறைப்புகளும் சில உண்டு. நோன்பு நாட்களை அடுத்து உடல் மெலிந்தால் "விரதம் இருந்த உடம்பு" என்கிறோம். பசி குறைந்தால் "வயிறு சுருங்கிவிட்டது" என்கிறோம். நோன்பு முடிந்து வாரங்கள் ஆகியும் எடை ஏறவில்லை என்றால் அதை நோன்பின் கணக்கில் எழுதாதீர்கள். "நாம் புலால் உண்பதில்லை, மது தொடுவதில்லை, நமக்கு இந்நோய் வராது" என்பது மற்றொன்று. மதுவும் புகையும் இல்லாமை பெரிய காப்பு, ஐயமில்லை. ஆயினும் அந்தச் சுருள் கிருமி சைவம், அசைவம் பார்ப்பதில்லை. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வீட்டாரிடமிருந்தும் தூய்மையற்ற நீரிலிருந்தும் அது தொற்றுகிறது. துணியில் வடிகட்டிய நீரிலும் அது தங்கும். கொதிக்க வைத்தால் மடியும். உப்பு மிகுந்த ஊறுகாயும் வற்றலும் இலையின் ஓரத்தில் இருக்கட்டும். உணவின் நடுவே வர வேண்டாம். குடும்ப வரலாறும் முக்கியம். 1998இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக இரைப்பைப் புற்று வந்ததன் மரபணுக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். "தாத்தாவும் வயிற்று வலியில்தான் போனார்" என்று நாம் திண்ணையில் பேசுவதை மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

விழுங்கச் சிரமம், காரணமற்ற எடைக் குறைவு, சிறிது உண்டதும் வயிறு நிறைதல், மீண்டும் மீண்டும் வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், இரத்தசோகை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மாத்திரையோடு நிற்காதீர்கள். நாற்பதைக் கடந்தபின் புதிதாக வந்து சில வாரங்களாகியும் நீங்காத வயிற்றுக் கோளாறுக்கும் இதுவே விதி. சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை வாங்கும்போது, இரத்தம் எங்கே போகிறது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

எங்கே செல்வது? ஆண்டிபட்டிக்கு அருகே கானாவிலக்கில் அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அடுத்து மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 இலட்ச ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிறுவனம் உள்ளது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அத்துயரை அறமாக்கி, 1954இல் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கச் செய்தார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தா அம்மையாரும் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்து அங்கே சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு பராமரிக்கப்படுகிறது. அதன் பழைய கணக்குகளில் சென்னை ஆண்களிடம் முன்னணியில் நின்ற புற்றுகளுள் இரைப்பைப் புற்றும் ஒன்று. உலக அளவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 9.7 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, 6.6 இலட்சம் பேர் இறந்தனர். எனவே இது நமக்கு அயலான நோயன்று. போடியிலிருந்து சென்னைக்கு 2023 முதல் நேரடி இரயிலும் ஓடுகிறது. முன்போல் மதுரையில் இறங்கி நோயாளரைத் தாங்கிக்கொண்டு வண்டி மாற வேண்டிய தொல்லை குறைந்திருக்கிறது.

ஒன்றை வற்புறுத்திச் சொல்லிவிடுகிறேன். இவ்வுரையைக் கேட்டுவிட்டு வயிறு எரிந்தவரெல்லாம் இரண்டு புற்று இருக்குமோ என்று அஞ்ச வேண்டாம். வயிற்று வலிகளுள் மிகப்பெரும்பான்மை புற்றே அல்ல. புற்றாக இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டாவதாகத் தெரியும் கட்டி பரவலாகவே இருக்கும் வாய்ப்பும் மிகுதி. பொய்யான நம்பிக்கையை ஊட்டுவது என் நோக்கமன்று. திசு சொல்லாததை ஊகத்தால் முடிவு செய்து ஒருவரைக் கைவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். நோயாளர் தம் விருப்பப்படி எத்தனை நோயும் பெறலாம் என்னும் கருத்தில் அமெரிக்க மருத்துவர் ஜான் ஹிக்கம் சொன்னதாக ஒரு பொன்மொழி மருத்துவக் கல்லூரிகளில் வழங்குகிறது. எல்லாக் குறிகளையும் ஒரே நோயில் அடக்கிவிடத் துடிக்கும் இளம் மருத்துவர்களுக்கு அது ஒரு கடிவாளம். ஒரு பொருளை ஒரு கோணத்தில் மட்டும் கண்டு முடிவு கட்டாதே என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிய பாடமும் அன்று.

ஆகவே மருத்துவர் முன் அமரும்போது பணிவாக இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். "டாக்டர் ஐயா, இரைப்பை முழுதும் பார்த்தாயிற்றா? வேறு இடத்தில் தெரிகிற கட்டியிலும் திசு எடுத்துப் பார்க்க வேண்டுமா?" இதனால் எந்த நல்ல மருத்துவரும் முகம் சுளிக்க மாட்டார். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று விளக்குவார். அந்த விளக்கமும் உங்களுக்கு உரிமையானதே.

நிறைவாக நம் அறக்கட்டளைக்கு ஒரு விண்ணப்பம். உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நால்வகைத் தானத்தை நாம் போற்றுகிறோம். மருந்துத் தானம் என்றதும் மாத்திரை வாங்கித் தருவதையே எண்ணுகிறோம். இன்ன நோய் என்று தெரியாமல் தரும் மருந்தால் என்ன பயன்? எண்டோஸ்கோப்பிக்கும் இம்யூனோ சோதனைக்கும் பணமில்லாமல் தவணை சொல்லித் தள்ளிப்போடும் குடும்பங்களுக்கு அச்செலவை நாம் ஏற்கலாம். சாதி, சமயம் பாராது இப்பள்ளத்தாக்கின் எந்த ஏழைக்கும் அது கிடைக்கட்டும். படித்த இளைஞர் சிலர் முன்வந்து, மதுரைக்கோ சென்னைக்கோ போகும் முதியவர்களுக்குத் துணையாகச் சென்று, அறிக்கைகளை வரிசைப்படுத்தி, பிளாக்கும் ஸ்லைடும் பெற்றுத் தந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு உதவலாம். அடுத்த ஆண்டு மலரில் இப்பணியின் வரவு செலவுக் கணக்கும் ஒரு பக்கமாக அச்சேறினால் இவ்வுரைக்கு அதைவிடச் சிறந்த பாராட்டு இல்லை.